அந்தச் சிவப்புத் திட்டு எங்கிருந்து வந்தது?

பத்து வருடமாக எனக்கு நெஞ்செரிச்சல். ராத்திரி படுத்தால் புளிப்பு தொண்டை வரை ஏறும். மாத்திரை போட்டால் அடங்கிவிடும், நானும் அப்படியே விட்டுவிட்டேன். போன வருடம்தான் டாக்டர், "ஒருமுறை உள்ளே பார்த்துவிடலாம்" என்றார்.

எண்டோஸ்கோப்பி பயந்த அளவுக்கு இல்லை. வெறும் வயிற்றோடு போனேன். தொண்டையில் கசப்பான ஸ்பிரே அடித்ததும் எச்சில் விழுங்குவதுகூடத் தெரியவில்லை. கால் மணி நேரத்துக்குள் முடிந்தது.

படத்தைப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. உணவுக்குழாயின் உட்புறம் வெளிறிய முத்து நிறம். ஆனால் இரைப்பையோடு சேரும் இடத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு திட்டு, நாக்கு நீட்டியதுபோல, 3 செ.மீ. மேலே ஏறியிருந்தது. அதில் 2 செ.மீ.க்கு ஒருமுறை, சுற்றிலும் நாலு இடத்தில் கிள்ளி பயாப்சிக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட்டில் 'பாரெட் உணவுக்குழாய், டிஸ்பிளேசியா இல்லை' என்றிருந்தது. பாரெட் என்றால் உணவுக்குழாயின் உள்தோல் வேறு வகைச் செல்லாக மாறியிருப்பது; டிஸ்பிளேசியா என்றால் அந்தச் செல்கள் புற்றுநோயை நோக்கித் திரிந்திருப்பது. பாரெட்டே புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று படித்ததும் தூக்கம் போய்விட்டது. இது பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோயாக மாறுவதே இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் மனதைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்: இந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன? உணவுக்குழாயில் தட்டையான செல்கள்தான் அடுக்கடுக்காக இருக்க வேண்டும். என் பயாப்சியிலோ தூண்போல நிற்கும் செல்கள், நடுவே சளி சுரக்கும் கோப்பை செல்கள். கோப்பை செல்கள் குடலில் இருப்பவை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அமிலமும் பித்தமும் பட்டுப்பட்டு தட்டைச் செல்களே உருமாறுகின்றன என்றும், இல்லை, அடியிலிருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகின்றன என்றும் வெகுகாலம் விவாதம் நடந்ததாம். 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், உறுப்பு தானம் செய்தவர்களின் ஆரோக்கியமான திசுக்களையும் பாரெட் திசுக்களையும் செல் செல்லாக ஒப்பிட்டிருக்கிறார்கள். பாரெட் செல்கள் இரைப்பையின் மேல்முனைச் செல்களிலிருந்து வந்தவை என்பது அவர்கள் முடிவு. சி-மிக், எச்என்எஃப்4ஏ என்ற இரண்டு மரபணுக்கள் இந்த மாற்றத்தைத் தூண்டுகின்றனவாம்.

படத்தில் அந்த நாக்கு கீழிருந்து மேலே ஏறியிருந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. பாரெட் மாற்றம் பரிசோதனையில் தென்படாதவர்களுக்கு வரும் உணவுக்குழாய் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய்கூட இந்த வகைச் செல்களிலிருந்துதான் தொடங்குவதாகத் தெரிகிறது. அதைக் கேட்டபோது, வருடக்கணக்காக மாத்திரையிலேயே ஓட்டியதை நினைத்து நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

இப்போது தினமும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. மூன்று வருடத்தில் மறுபடி எண்டோஸ்கோப்பி. என் தம்பிக்கும் ரொம்ப நாளாக நெஞ்செரிச்சல் உண்டு. அடுத்த வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.