அந்த நாலு பக்கம்

நேற்று ராத்திரி தாராவி வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது படிக்கும் அக்கா மகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மனித இனப்பெருக்கப் பாடம். "சித்தி, டீச்சர் இதை வீட்லயே படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க, பசங்க சிரிச்சாங்க, நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டோம்" என்றாள். மற்ற பக்கமெல்லாம் பென்சில் கோடு, இந்த நாலு பக்கம் மட்டும் கைபடாமல் புதுசாக இருந்தது.

எனக்கு மனசு ஆறவே இல்லை. முதல் மாதவிடாய் வந்தபோது ஏதோ பெரிய நோய் என்று நினைத்து, இரண்டு நாள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அழுதவள் நான்.

2007-ல் பள்ளிகளில் பாலியல் கல்வியும் சொல்லித்தர வந்த மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரா, கர்நாடகா என்று பல மாநிலங்கள் கலாச்சாரம் கெட்டுவிடும் என்று எதிர்த்தன. 2012-ல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது, 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தை என்கிறது, சரி, ஆனால் தப்பான தொடுதல் எது, யாரிடம் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடலாம் என்பதையெல்லாம் அந்தக் குழந்தைக்கு யார் சொல்வது? பாலியல் கல்வி மேற்கத்திய சமாச்சாரம் என்ற நினைப்பே தவறு என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது.

மாவை மூடி வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். அப்புறம் அவளே பென்சில் எடுத்துக் கோடு போட்டாள்.

திங்கட்கிழமை அக்காவோடு பள்ளிக்குப் போகிறேன், அந்தப் பாடத்தை வகுப்பிலேயே, பசங்களையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தச் சொல்லிக் கேட்க. பக்கத்தில் இருக்கும் அம்மாக்கள் யாராவது கூட வருகிறீர்களா?