வயிறு நீவுதல்: சில நாட்குறிப்புகள்

மார்ச் 3
முதுமையில் குடல் மந்தமாவதற்கு வயது மட்டுமே காரணமன்று. நடமாட்டம் குறைவதும், தாகம் தெரியாததால் நீர் குறைவாகப் பருகுவதும், சில மாத்திரைகளும் சேர்ந்தே வாரத்துக்கு மூன்று முறைகூட மலம் கழியாத நிலைக்குக் கொண்டுவிடுகின்றன. நான் உட்கொள்ளும் இரும்புச்சத்து மாத்திரையும் அவற்றுள் ஒன்று. குடலிறக்கமோ, அண்மையில் செய்த வயிற்று அறுவையோ, வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாய்) வீக்கமோ எனக்கு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட மருத்துவர், மலமிளக்கியை நிறுத்தாமல் வயிற்றை நீவிவரச் சொன்னார்.

மார்ச் 5
சிறுநீர் கழித்தபின் மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்கால்களுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டால் வயிற்றுத் தசை நன்கு தளர்கிறது. பெருங்குடல் வலப்பக்க அடிவயிற்றில் தொடங்குவதால், அங்குள்ள இடுப்பெலும்பின் அருகே விரல்களைத் தட்டையாகப் பதித்து, விலா எலும்பு வரை மேலேறி, தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே கடந்து, இடப்பக்க இடுப்பெலும்பை நோக்கி இறங்க வேண்டும். இதைக் கடிகார முள்ளின் திசை என்பார்கள்; படுத்திருப்பவருக்கு அது குழப்பம்தான். வலத்தில் ஏற்றம், இடத்தில் இறக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்வதே எளிது. 10 முதல் 15 நிமிடம் போதும். வலிக்கும் அளவுக்கு அழுத்தக் கூடாது.

மார்ச் 11
உணவு இரைப்பைக்குள் சென்றதும் பெருங்குடலின் அசைவு தூண்டப்படுகிறது. காலையில் அந்தத் தூண்டுதல் வலுவாக இருக்கும். ஆகவே எழுந்ததும் நீவிவிட்டு, காலை உணவை முடித்து, சற்று நேரத்தில் கழிப்பறைக்குச் செல்கிறேன். பாதங்களைச் சிறு முக்காலியில் ஊன்றி முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி முன்சாய்ந்து அமர்ந்தால் முக்க வேண்டிய தேவை குறைகிறது. இன்று இடப்பக்கம் கீழிறங்கியபோது விரல்களுக்கடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டது. அவ்விடத்தில் சிறு வட்டங்களாக நீவியதும் களகளவென்று வாயு நகர்ந்தது. மலம் மட்டும் மறுநாள் வரை காத்திருக்கட்டும் என்று முடிவுசெய்துவிட்டது போலும்.

ஏப்ரல் 2
2009இல் சுவீடனில் வெளியான ஆய்வொன்றில், எட்டு வாரம் வயிறு நீவப்பட்டவர்களுக்கு மலம் கழிவது கூடி, உபாதைகள் தணிந்தனவே தவிர, மலமிளக்கியின் பயன்பாடு குறையவில்லை. என் அனுபவமும் ஏறக்குறைய அப்படித்தான்: உப்புசம் தணிந்துள்ளது, முக்கல் குறைந்துள்ளது, மருந்தின் அளவு மாறவில்லை. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாந்தியோடு சேர்ந்து, வாயுகூட வெளியேறாத வயிற்று வீக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் நீவுவதை நிறுத்திவிட்டு உடனே வருமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையை மாற்றுவது பற்றி அடுத்த முறை அவரிடம் கேட்க வேண்டும்.