மெத்தை தூக்கிய பரிசுத்தவான்கள்

யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால் ‘இவரு பெரிய பரிசுத்தவான்’ என்று சொல்வது நம் வழக்கம். அந்தப் பட்டம் ஒருநாள் எனக்கே கிடைத்தது.

புது நாட்டில் அது இரண்டாவது ஞாயிறு. ஊரில் எங்கள் சபை மூப்பர் எழுதித் தந்த சிபாரிசுக் கடிதம் விசாத் தாள்களுக்கு நடுவே நான்காக மடிந்து கிடந்தது. மற்ற எல்லாத் தாளிலும் நான் ‘தற்காலிகம்’. இங்குள்ள மூப்பர் கடிதத்தைப் பிரித்து உரக்க வாசித்தார்: இங்கிருக்கும் பரிசுத்தவான்கள் அங்கிருக்கும் பரிசுத்தவான்களுக்கு எழுதுவது, எங்களில் ஒருவரை உங்களிடம் ஒப்புவிக்கிறோம். முந்தின ராத்திரிதான் வாடகை அறை விஷயமாக மனைவியிடம் போனில் எரிந்து விழுந்திருந்தேன். தலை நிமிரவில்லை.

அறைக்கு வந்து வேதாகமத்தில் ரோமர் 16-ஐ, ரோமாபுரிச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தை, எடுத்துப் பார்த்தேன். கெங்கிரேயா ஊரிலிருந்து ரோமாபுரிக்குப் போன சபை ஊழியக்காரி பெபேயாளுக்கும் பவுல் இப்படித்தான் எழுதியிருக்கிறார். பரிசுத்தவான்களுக்கேற்றபடி அவளை ஏற்றுக்கொள்ளுங்கள், எதில் உதவி தேவையோ அதில் உதவுங்கள் என்கிறார். அத்தனை வருஷம் வாசித்தும் அது ஊர்விட்டு ஊர் போனவளின் கடிதம் என்று தோன்றியதே இல்லை.

என் கத்தோலிக்க நண்பனுக்கு இந்தச் சொல் வேறு மாதிரி. அவன் பாட்டி காலத்து ‘அர்ச்சியசிஷ்டர்’ இறந்தபின் திருச்சபை அறிவிக்கும் புனிதர். ஆனால் அவனுடைய திருவிவிலியத்திலும் பவுலின் வாழ்த்து உயிரோடிருக்கும் ‘இறைமக்கள்’ எல்லாருக்கும்தான். கிரேக்கத்தில் அது ‘ஹாகியோய்’, அதாவது தேவனுக்கென்று பிரித்து வைக்கப்பட்டவர்கள். யாத்திராகமத்தில் பலிபீடத்துச் சாம்பல் அள்ளும் சட்டிக்குக்கூட அபிஷேகம் உண்டு. கரி பிடித்த சட்டிதான், ஆனாலும் பரிசுத்தம். பளபளப்பால் வந்ததல்ல அது, யாருடைய சட்டி என்பதால் வந்தது.

அதற்காக எப்படியும் நடக்கலாம் என்றாகிவிடாது. கொரிந்து பட்டணத்துச் சபையாரை முதலில் பரிசுத்தவான்கள் என்று அழைத்துவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறீர்களே, கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறியாயிருக்கிறானே என்று பவுல் வெளுத்து வாங்குகிறார். பெயர் முதலில் வந்துவிடுகிறது, நடத்தை பின்னால் மூச்சு வாங்க ஓடி வருகிறது. என் கதையும் அதுதான். அன்று ராத்திரி மனைவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ‘கடிதம் வாசிச்சாங்களா?’ என்று மட்டும் கேட்டாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஆராதனை முடிந்ததும் மூப்பர் என்னிடம் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘படுக்க மெத்தை இருக்கிறதா?’ என்றார். இல்லை, தரையில் போர்வை விரித்துத்தான் படுத்துக்கொண்டிருந்தேன். பரிசுத்தவான்களுடைய குறைவில் உதவுங்கள், அந்நியரை உபசரிக்க நாடுங்கள் என்று ரோமர் 12:13 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நான் இரண்டு கணக்கிலும் வந்தேன்.

சாயங்காலமே மெத்தை வந்தது. தூக்கி வந்த பெரியவர்கள் இருவருக்கும் ஏதோ சபைக் கணக்கு விவகாரத்தில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்று மாடிப் படி. ஆளுக்கொரு முனை. திருப்பத்தில் மெத்தை சுவரில் மாட்டிக்கொண்டது. மேலே நின்றவர் கீழே நின்றவரிடம் சொன்னார்: ‘கொஞ்சம் சாய்.’

அவர் சாய்த்தார்.