கார்புரேட்டரைக் கழற்றியது இரண்டாம் முறை

நான்கு மாதத்துக்கு முன் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டிய கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மறுபடி கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, கரும்புகை; மூடி ஓரமாகப் பெட்ரோல் கசிவு. திறந்ததுமே காரணம் தெரிந்தது. பெட்ரோல் உள்ளே வரும் வழியைத் திறந்து மூடுவது நீடில் வால்வு. ரிப்பேர் கிட்டோடு வந்த அந்த வால்வின் ரப்பர் முனை உப்பிக் கொழகொழவென்று இருந்தது. அது சரியாக உட்காராமல், பெட்ரோல் தேங்கும் பவுல் நிரம்பி வழிந்திருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். பாக்கெட் புதிதா என்று பார்த்தேனே தவிர, உள்ளே இருப்பது என்ன ரப்பர் என்று பார்க்கவில்லை. கார்புரேட்டரோ எத்தனால் கலக்காத பெட்ரோல் காலத்தது. நான் ஊற்றுவது 10 சதவீத எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோலைத் தாங்கும் சாதாரண நைட்ரைல் ரப்பர்கூட எத்தனால் சேர்ந்தால் உப்பிவிடுகிறது.

இந்த முறை பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. பழைய கிட்டில் மிச்சமிருந்த ஒரு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), வைட்டான் என்ற வேறு வகை ரப்பரில் செய்த ஓ-ரிங் ஒன்று, இரண்டையும் கேலிப்பரில் அளந்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அதே பெட்ரோலை ஊற்றிப் போட்டேன். ஜாடியை வீட்டுக்கு வெளியே, நெருப்புப் பக்கம் போகாத இடத்தில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், 2.4 மில்லிமீட்டர் தடிமன் இருந்த கிட் ஓ-ரிங் 2.8 ஆகியிருந்தது. வைட்டானில் கேலிப்பருக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. எனக்கு ஆச்சரியம் தந்தது அதற்கு அப்புறம்தான்: காயவைத்ததும் கிட் ஓ-ரிங் முதலில் இருந்ததைவிடச் சிறுத்து விறைத்துப்போனது. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானத்தைப் பெட்ரோல் கரைத்து எடுத்துவிடுகிறது. ஓடும்போது கசியாத வண்டி, மாதக்கணக்கில் நின்ற பிறகு கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நீடில் முனை, ஓ-ரிங் எல்லாம் வைட்டான். முழு உலோக நீடில் உப்பாதுதான், ஆனால் ஒரு தூசி மாட்டினால் போதும், ஒழுகத் தொடங்கிவிடும்.

பவுலில் மிதந்து நீடிலை ஏற்றி இறக்கும் ஃப்ளோட் நல்லவேளையாகப் பித்தளை. கார்க் ஃப்ளோட்டாக இருந்தால் அதன் மேல் பூசிய அரக்கை எத்தனால் கரைத்துவிடும். கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கும். பித்தளையை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. வந்திருந்தால் ஓட்டையை ஈயம் வைத்து அடைப்பதற்கு முன் உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லாமல் வடித்தாக வேண்டும். ஈயம் கூடினால் ஃப்ளோட்டின் எடையும் கூடும், பவுலில் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும்.

பெட்ரோல் ஹோஸை வாங்கும்போது மேலே அச்சடித்த எழுத்தைப் படித்து, எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும் எஸ்ஏஇ ஜே30ஆர்9 தரத்தில் எடுத்தேன். கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் பேஸ்ட் தடவும் ஆசை வந்தது. பெட்ரோலில் அது பிசுபிசுத்துப் பிய்ந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

பூட்டி மூன்று வாரம் ஆகிறது, மூடி ஓரம் காய்ந்தே இருக்கிறது. வெறும் பெட்ரோல் முழுதாக எரியக் காற்று எடையில் 14.7 மடங்கு வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 14.1 போதும். பழைய ஜெட்டோடு மிக்சர் கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும் என்பதால் ஐடில் மிக்சர் திருகை அரைச்சுற்று வெளியே எடுத்தேன், நடுக்கம் நின்றது. மெயின் ஜெட்டை மாற்றுவதா என்பதை ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) இன்னும் பழையதுதான். அதற்கு வாங்கிய மாற்று டயஃப்ரத்தின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி இன்று காலை ஜாடியில் போட்டிருக்கிறேன்.