ரீலோட் காசு எங்க போகுது?

100 ரூபா ரீலோட் நாலு கோலிலேயே முடியுது என்றால், குற்றம் கட்டணத்தில் மட்டும் இல்லை. ஒழுக்கு வேற இடத்தில்.

நிமிடக் கணக்கில் வெட்டும் இணைப்பில் 61 விநாடி கதைத்தாலும் இரண்டு நிமிடக் காசு. "வந்து சேர்ந்திட்டன்" என்று சொல்லி வைக்கிற ஆளுக்கு விநாடிக் கணக்குத்தான் லாபம். அரை மணித்தியாலம் கதைக்கிறவர் நிமிடப் பக்கேஜ் எடுக்கலாம். அந்த நிமிடங்கள் மற்ற வலையமைப்புகளுக்கும் யாழ்ப்பாணத்து 021 வீட்டுத் தொலைபேசிக்கும் செல்லுமா என்று முதலில் கேளுங்கோ.

பெரிய ஒழுக்கு வெளிநாட்டுக் கோல். எங்கட இரவு 8 மணி, ரொறன்ரோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. ஆள் வேலையில் நிற்க, வொய்ஸ்மெயில் எடுக்கும். மெஷின் எடுத்தாலும் எடுத்ததுதான், காசு ஓடத் தொடங்கிவிடும். ஐந்தாறு தரம் மணி அடித்ததும் வைத்துவிடுங்கோ. எங்கட காலை 7 மணிக்கு அங்க முதல்நாள் இரவு, ஆறுதலாகக் கதைக்கலாம். தெரியாத வெளிநாட்டு இலக்கத்தில் வந்த மிஸ்ட் கோலுக்குத் திருப்பி எடுக்கவே வேண்டாம்.

வட்ஸ்அப் கோல் மலிவு, ஆனால் வீடியோ குரலைவிடப் பல மடங்கு டேட்டா தின்னும். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா' போய் 'யூஸ் லெஸ் டேட்டா ஃபோர் கோல்ஸ்' ஐப் போடுங்கோ. அதே இடத்தில் படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்துங்கோ. டேட்டா பக்கேஜ் முடிந்த பிறகு பிரதான மீதியைக் கரைப்பது பெரும்பாலும் குடும்பக் குறூப்பில் வந்து விழும் காலை வணக்கப் படங்கள்தான். வட்ஸ்அப் பக்கேஜ் வாங்கும்போது அது கோலுக்கும் சேர்த்தா, எழுதி அனுப்ப மட்டுமா என்று பாருங்கோ.

வரி எங்கட கையில் இல்லை. 2024 ஜனவரி முதல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். கோலுக்கு மேலதிகமாகத் தொலைத்தொடர்பு வரியும் உண்டு.

நாளுக்கு நாள் சில ரூபா வெட்டும் ரிங்டோன், சாத்திர எஸ்எம்எஸ் சேவைகளை வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து நிறுத்தச் சொல்லுங்கோ. *#21# அடித்தால் கோல்கள் எல்லாம் வேறு இலக்கத்துக்குத் திருப்பப்படுகிறதா என்று தெரியும். அந்தத் திருப்பலுக்குக் காசு உங்களிடம்தான் வெட்டும். ##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கும்.

பலாலி விமான நிலையத்தில் சென்னைக்கு ஏற முதல் டேட்டா ரோமிங்கை அணையுங்கோ. அங்க போய் இறங்கினால், வருகிற கோலுக்கும் காசு.