பூ வைக்காத பீடமும் பால்மரப் பூவும்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயில்களில் பீடத்துக்குப் பூ கிடையாது. சாம்பல் புதனன்று உள்ளே போகும் பூச்சாடிகள் பாஸ்கா இரவில்தான் வெளியே வரும். அதுவரை அல்லேலூயாவும் பாடுவதில்லை. பூ விஷயத்தில், நடுவில் வரும் சில பெருவிழாக்களுக்கும் நான்காம் ஞாயிற்றுக்கும் மட்டும் சலுகை உண்டு. நான்காம் ஞாயிறன்று சாமியார் ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பு உடுத்தலாம், பூவும் வைக்கலாம். அந்த ஞாயிறை ஒட்டித்தான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போனேன். பக்திப் பயணம் என்று பெருமையடிக்க முடியாது. அத்தைக்கு முட்டிவலி, பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியதுதான்.

ஈப்போவைத் தாண்டி செம்மோர் சுண்ணாம்பு மலைகளை ஒட்டிப் போகும் சாலையில் டெக்கோமா மரங்கள் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றன. நம் ஊரில் இதை ‘மலேசிய சக்குரா’ என்று சொல்லிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். உண்மையில் இது மத்திய அமெரிக்க மரம், எல் சால்வடோரின் தேசிய மரம். ஜப்பானுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இரண்டு மூன்று வாரம் மழை இல்லாமல் காய்ந்தால் இலையை உதிர்த்துவிட்டுப் பூத்துத் தள்ளும். காருக்குள் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு பார்த்தால் வசந்தம் மாதிரித்தான் இருக்கிறது. கதவைத் திறந்தால் முப்பத்து நாலு டிகிரி.

சுங்கை சிப்புட் தமிழருக்குத் தெரியாத ஊர் அல்ல. துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. பிரிட்டிஷ் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தோட்டப் பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அத்தையும் பத்துப் பத்தாகக் கட்டியவர்தான். அந்தப் பங்குச் சான்றிதழைப் பைபிளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறார். அதற்கு முன்பே, 1948 ஜூனில், இங்கே தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டு நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதால் வரலாற்றுப் புத்தகத்திலும் ஊருக்கு ஓர் இடம் உண்டு. இன்று கடைவீதியில் சாப்பாட்டுக்கடை, பூக்கடை, நகைக்கடை, கைப்பேசிக்கடை. வெளியே போனால் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை.

அத்தை இருப்பது தாமானில், அதாவது ஊர்க் குடியிருப்பில். தோட்டத்து லயத்தை விட்டு வந்து நெடுநாளாகிவிட்டது. ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு விளக்கு எரிகிறது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன உடம்பு எழுந்துவிடுகிறது. மகள் வழிப் பேரன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சில ஏக்கர் பால்மரமும், அதாவது ரப்பரும், பார்த்துக்கொள்கிறான். சனிக்கிழமை காலை, “மாமா, இப்பதான் எல கொட்டி முடிஞ்சிருக்கு, வந்து பாருங்க” என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். அத்தை முட்டிவலியை மறந்து, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி மார்ச் வாக்கில், மொத்தமாக இலை உதிர்க்கும். முதலில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகி, அடுத்த வாரம் காடே மொட்டையாகி, தரை முழுக்கச் சருகு. எப்போதும் இருட்டாகவே இருக்கும் காட்டுக்குள் திடீரென்று வானம் தெரியும். பிறகு நுனிக்கொம்பில் செப்பு நிறத்தில் தளிர் தொங்கும். மூன்று மூன்றாய்ச் சிற்றிலைகள், வெயில் பட்டால் எண்ணெய் தேய்த்தது போல் மின்னும். தளிரோடு தளிராகவே பூவும் வந்துவிடும். இதழே இல்லாத, மிளகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் மணிகள். கொத்தின் நுனியில் இருப்பவை பெண்பூ, மற்றதெல்லாம் ஆண்பூ. பெரும்பாலானவை காயாகாமல் கொட்டிவிடும். தப்பிப் பிழைக்கிறவை ஆகஸ்ட் செப்டம்பரில் காய்ந்து படீரென்று வெடித்து, மூன்று மூன்று கொட்டைகளாகத் தெறிக்கும். சிமெண்டுத் தரையில் அந்தக் கொட்டையைத் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையன் தொடையில் வைத்த கை எல்லாம் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

பூ சிறிதுதான். ஆனால் காடு முழுக்கப் பூத்தால் வாசம் ஆளை நிறுத்தும். இனிப்பு, கொஞ்சம் திகட்டல். தலைக்கு மேல் தேனீக்களின் இரைச்சல் விடாமல் கேட்கிறது. அவற்றுக்குத் தேன் பூவிலிருந்து மட்டும் வருவதில்லை. மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருமிடத்தில் சின்னச் சுரப்பிகள் உண்டு, இளந்தளிரில் அங்கேதான் தேன் கசியும். ரப்பர்த் தேன் என்று விற்பது பெரும்பாலும் அதுதான்.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை எடுத்துத் தட்டித் துடைத்தார்.

“ஒனக்குப் பூ அழகாத் தெரியுது. எங்களுக்கு இது பஞ்ச மாசம்டா. எல கொட்டுனா பாலு கொறையும். காண்டா வாளி தூக்கிட்டு ஸ்டோருக்குப் போனா கிராணி உள்ள எட்டிப் பாத்துட்டு நம்ம மூஞ்சியப் பாப்பாரு.”

காண்டா என்பது தோளில் வாளியைத் தொங்கவிடும் கம்பு, கிராணி தோட்டத்துக் கணக்கர். மரம் புதுத் தளிர் விடத் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. அப்போது பாலுக்காகப் பட்டையைச் சீவி வெட்டினால் பால் குறைவு, மரத்துக்கும் கேடு. சரியான விவசாய முறைப்படி அந்தச் சில வாரங்கள் வெட்டாமல் விட வேண்டும். பாலின் எடைக்குக் கூலி வாங்கியவர்களுக்கு அந்த ஓய்வு கடைக்காரன் நோட்டில் ஏறும் கடன். தோட்டத்து வீடுகளில் தவக்காலத்துக்கென்று தனியாக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது. “கறி இல்லாத வெள்ளி எங்களுக்கு வாரம் பூரா வரும்” என்று அத்தை சிரிக்கிறார். பெரிய வெள்ளிக்குத் தீபகற்ப மலேசியாவில் இன்றும் பொது விடுமுறை இல்லை. சபா, சரவாக்கில்தான் உண்டு. விடியற்காலையில் மரம் வெட்டிவிட்டு, குளித்துக் கும்பிட்டுச் சிலுவைப்பாதைக்கு நடந்தவர்கள் இவர்கள்.

அத்தையின் பைபிளுக்குள் ஒரு பட அட்டை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பரிசாகக் கிடைத்தது. பனிக்கு நடுவே தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ, ஸ்னோட்ராப். ஐரோப்பாவில் குளிர் விடுமுன்னே மண்ணைப் பிளந்துகொண்டு வரும் பூ இது. பிப்ரவரி 2, குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்கிய திருநாளோடு இதைச் சேர்த்துப் பேசுவது அங்கே பழைய வழக்கம். இங்கிலாந்தில் பழைய மடங்களின் இடிபாடுகளிலும் கோயில் கல்லறைத் தோட்டங்களிலும் இன்றும் கூட்டம் கூட்டமாகப் பூக்கிறது. பனியையே பார்த்திராத தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த அட்டையைக் கொடுத்த கன்னியாஸ்திரீயை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்த நம்பிக்கை அது. சன்னலுக்கு வெளியே பால்மரம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்ததை யாரும் சுட்டிக் காட்டவில்லை என்பதுதான் என் சின்ன ஆதங்கம்.

அதை அத்தையிடம் சொன்னேன். மரம் மொட்டையாகிறது, தளிர்க்கிறது, ஈஸ்டர் வருகிறது, எவ்வளவு பொருத்தம் பார்த்தீர்களா என்று. ஞாயிறு மறையுரைக்குத் தயாரான உதாரணம் கையில் கிடைத்த பூரிப்பு எனக்கு.

“மரம் எங்கடா செத்துச்சு? எலதான் கொட்டுச்சு. உள்ள பாலு இருந்துச்சே. செத்தது அவரு ஒருத்தருதான்.”

எனக்குப் பதில் வரவில்லை. யோபு நூலின் பதினான்காம் அதிகாரம் இதைத்தான் புலம்பலாகச் சொல்கிறது: வெட்டுண்ட மரத்துக்காவது மறுபடி துளிர்க்கும் நம்பிக்கை உண்டு, மனிதன் செத்தால் எங்கே போவான்? வசந்தப் பூவைக் காட்டி உயிர்ப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் இந்த இடத்தை லேசாகத் தாண்டிவிடுகிறோம். பூக்கும் என்று தெரிந்த மரத்துக்கு முன்னால் நிற்பதும், கல்லறைக்கு முன்னால் நிற்பதும் ஒன்றல்ல. மாமா போனபிறகு அத்தைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்படியானால் பூவால் என்ன பயன் என்று கேட்டேன். “காத்துக்கிட்டிருக்கப் பழக்கும்” என்றார். அந்தக் காத்திருப்பிலும் நிச்சயம் கிடையாது. தளிர் விடும் வாரங்களில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் ஓய்டியம் என்ற சாம்பல் பூஞ்சை பிடித்து, பிறந்த இலை சுருண்டு இரண்டாவது தடவை கொட்டும், பூவும் கருகும். மரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படிப்பட்ட வருடங்களைச் சொல்லும்போது அத்தையின் குரலில் சோகம் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது: எந்த மாதம் கடனை அடைத்தோம், எந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் புதுச் சட்டை இல்லை.

செம்பனைக்கு இந்த உதிர்தலும் தளிர்த்தலும் இல்லை. ஆண்டு முழுக்கப் பூக்கும், காய்க்கும். மட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் பூவை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதுமில்லை. அத்தை பார்த்திருக்கிறார். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டபிறகு, மகரந்தத்தோடு பவுடரைக் கலந்து பூவில் ஊதும் வேலைக்குப் போனவர். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், பெண்கள் செய்ததை அது செய்துவிட்டது. “வண்டுக்குச் சம்பளம் கெடையாதுல்ல” என்றார்.

மறுநாள் பூசையில் பீடத்தின் இரு பக்கமும் கேமரன் மலைச் சாமந்தி. சாமியாருக்கு இளஞ்சிவப்பு உடை. பாடகர் குழு சற்று உற்சாகம் மிகுந்து தாளம் தப்பியது.

பூசை முடிந்து அத்தையைக் கோலக்கங்சார் கூட்டிப்போனேன், அரை மணி நேரப் பயணம். 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலக்கங்சாரில் நடப்பட்டன. அப்போது நட்டதில் எஞ்சியது என்று ஒரு மரத்தை வேலி கட்டிப் பாதுகாக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டிய அத்தை, இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதை அன்றுதான் பார்க்கிறார். நான் பலகையைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு மேல் எட்டிப் பட்டையைப் பார்த்தார், அண்ணாந்து கிளையைப் பார்த்தார்.

“நல்ல மரம். உளி குடுத்தா இன்னும் வெட்டலாம்” என்றார். பிறகு, “ஞாயித்துக்கெழமைக்கு நோன்பு கெடையாது. வா, லக்சா சாப்பிடலாம்.”