கார்பன் ஃபைபர் பேனல் விரிசல்: வீட்டு ரிப்பேர்

கார்பன் பானட், பம்பரில் வெளியே தெரியும் விரிசலைவிட உள்ளே சேதம் அதிகமா இருக்கும். நாணயத்தால தட்டிக்கிட்டே போங்க. கணீர் சத்தம் 'டொப்'னு மங்குற இடமெல்லாம் உள்ளே அடுக்கு பிரிஞ்சிருக்கு. அதைச் சுத்தி மார்க்கர் போடுங்க.

அடுத்து பின்பக்கம் 80 நம்பர் உப்புத்தாளால சரிவா இழைக்கணும்: 1 மி.மீ. கனத்துக்குக் குறைஞ்சது 12 மி.மீ. சரிவு. எல்லாரும் சோம்பல்படுறது இங்கதான். செங்குத்தா வெட்டி ஒட்டினா அதே ஓரத்துல திரும்பப் பிளக்கும். என்95 மாஸ்க், கையுறை கட்டாயம். தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூசி பறக்காது. நல்லா காயவிட்டு அசிட்டோன்ல துடைங்க.

மேல ஒட்டுற கார்பன் துணி 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ட்வில், அதாவது சாய்கோட்டு நெசவு; பழைய நெசவுத் திசையிலேயே வைங்க. துணியை ஒட்டுற பிசின், அதாவது ரெசின், எபாக்சிதான்; பாலியெஸ்டர் பழைய பரப்புல சரியாப் பிடிக்காது. துணி எடைக்குச் சமமா ரெசின் போதும். ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரை டப்பாவில் போட்ட எடை விகிதப்படி டிஜிட்டல் தராசுல நிறுத்துப் போடுங்க. சீக்கிரம் காயட்டும்னு கூட ஊத்தினா பிசுபிசுன்னே நிக்கும்.

புதுச்சேரி, கடலூர் ஈரக்காத்துல இன்னொரு தொல்லை: காஞ்ச எபாக்சி மேல மெழுகு மாதிரி ஒரு படலம். அசிட்டோன் அதை இன்னும் பரப்பிவிடத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணி, ஸ்காட்ச் பிரைட் போட்டுக் கழுவுங்க. அப்புறம்தான் அடுத்த கோட்.

அலுமினிய ரிவெட் வேண்டவே வேண்டாம். உப்புக்காத்துல கார்பனைத் தொடுற அலுமினியம் அரிச்சுடும். கடைசியா 2கே யூவி கிளியர் கோட் (ரெண்டு பாகம் கலந்து பூசுற, வெயிலைத் தாங்குற நிறமில்லாத பூச்சு). இல்லேன்னா வெயில்ல எபாக்சி மஞ்சளாகும்.

இதெல்லாம் பேனலுக்கு மட்டும். வண்டியைத் தாங்குற சட்டமான சேஸிஸ்ல கை வைக்காதீங்க.